எத்தனை கட்டம் தள்ளியிருக்கிறது?

தேதியை வைத்துப் புரோகிராம் எழுதிக் கிழமை தப்பாக வந்து தவித்தவர்கள் எழுதுங்கள் என்று சென்ற இதழில் கேட்டிருந்தேன். கட்டுக் கட்டாகக் கடிதங்கள் வந்துவிட்டன. பதில்களுக்குள் போகுமுன் என் அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை.

நான் சிவகாசிக்காரி. அப்பா ஒரு காலண்டர் அச்சகத்தில் புரூஃப் பார்த்தவர். ஆடிப்பெருக்கன்று அடுத்த வருடத்துக் காலண்டர் ஆல்பம் வெளியாகிவிடும் என்பதால் எங்கள் வீட்டில் சித்திரையிலேயே அடுத்த ஜனவரி பிறந்துவிடும். மாதக் காலண்டர் புரூஃப் கைக்கு வந்ததும் அப்பா முதலில் கேட்பது, "எத்தனை கட்டம் தள்ளியிருக்கு?" என்பதுதான். வருடம் முழுக்க ஒரே ஒரு கட்டம் பின்தங்கியிருந்தால், போன வருடத்துப் பக்கத்தை எடுத்து வைத்துவிட்டார்கள். ஜனவரி, பிப்ரவரி சரியாக இருந்து மார்ச்சிலிருந்து மட்டும் பிசகினால், லீப் வருடத்தை மறந்துவிட்டார்கள். தள்ளிய கட்டங்களை எண்ணினாலே தப்பு நடந்த இடம் அவருக்குத் தெரிந்துவிடும். பாலிடெக்னிக்கில் இருபத்தேழு வருடம் புரோகிராமிங் சொல்லிக்கொடுத்தபோது இந்த ஒரு கேள்வியைத்தான் நானும் மாணவர்களிடம் திரும்பத் திரும்பக் கேட்டேன். கிழமை கணக்கிடும் பகுதி பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். அதன் கைக்குப் போய்ச் சேர்ந்த தேதிதான் வழியில் மாறியிருக்கும்.

திருச்செங்கோட்டிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: ராகுகாலம் காட்டும் செயலி ஒன்றை ஜாவாஸ்கிரிப்டில் எழுதினேன் மேடம். இன்றைய நாளுக்குச் சரியாகக் காட்டுகிறது. ஆனால் நாளும் மாதமும் வருடமும் நாமே கொடுத்தால் கிழமை தப்பாகிறது. 15-8-2025 வெள்ளிக்கிழமை; என் செயலி திங்கள் என்று சொல்லி, ராகுகாலம் காலை 7.30 முதல் 9 வரை என்கிறது. கிழமையில் மூன்றைக் கழித்துப் பார்த்தேன். ஆகஸ்ட் சரியானது, ஏப்ரல் கெட்டுப்போனது. பிப்ரவரி மட்டும் நான் கை வைப்பதற்கு முன்பே சரியாக இருந்தது. பைத்தியம் பிடிக்கிறது.

உங்கள் கடிதத்திலேயே விடை இருக்கிறது. பிப்ரவரி சரியாக இருந்தது என்று கவனித்தீர்கள் பாருங்கள், அங்கேயே பாதிக் கிணறு தாண்டிவிட்டீர்கள்.

ஆகஸ்டில் மூன்று கட்டம் தள்ளுகிறது. ஏப்ரலில் இரண்டு கட்டம் தள்ளியிருக்க வேண்டும்; அதனால்தான் மூன்றைக் கழித்ததும் கெட்டது. 2025 பிப்ரவரியில் பூஜ்யம். இப்போது இந்த மாதங்களின் நாள்களை ஏழால் வகுத்து மீதியைப் பாருங்கள். 31-க்கு மீதி 3, 30-க்கு 2, 28-க்கு 0. அப்படியே பொருந்துகிறதல்லவா? அதாவது நீங்கள் கொடுக்கும் தேதி முழுதாக ஒரு மாதம் முன்னால் போய் நிற்கிறது. ஜாவாஸ்கிரிப்டுக்கு ஜனவரி 0, டிசம்பர் 11. நீங்கள் 8 என்று கொடுத்தீர்கள், அது செப்டம்பர் என்று எடுத்துக்கொண்டது. 15-9-2025 திங்கள்தான், செயலி தன் கணக்கில் தவறவில்லை. மாதத்தில் ஒன்றைக் குறைத்துக் கொடுங்கள். கிழமையில் எதையும் கழிக்காதீர்கள்.

இந்தப் பிழையை இத்தனை நாள் மறைத்து வைத்தது இன்னொரு குணம். 31-8-2025 என்று கொடுத்தால் அது 'செப்டம்பர் 31' என்று படித்துக்கொள்ளும். அப்படி ஒரு நாளே இல்லை என்று சொல்லாது, சத்தமில்லாமல் அக்டோபர் 1-க்கு நகர்ந்துவிடும். டிசம்பருக்கு 12 கொடுத்தால் அடுத்த வருட ஜனவரிக்குப் போய்விடும். பயனர் தரும் தேதியை வாங்கியதும், உருவான தேதியிலிருந்து நாளையும் மாதத்தையும் மறுபடி எடுத்து, கொடுத்ததும் வந்ததும் ஒன்றுதானா என்று ஒப்பிடும் இரண்டு வரியைச் சேர்த்துவிடுங்கள்.

மாதம் ஏன் பூஜ்யத்தில் தொடங்குகிறது என்று மாணவர்கள் கோபமாகக் கேட்பார்கள். சி மொழியில் மாத எண்ணை அப்படியே மாதப் பெயர்ப் பட்டியலின் இட எண்ணாகப் பயன்படுத்த வசதியாக 0 முதல் 11 வரை வைத்தார்கள். அது ஜாவாவுக்கு வந்தது. 1995-ல் அங்கிருந்து ஜாவாஸ்கிரிப்டுக்கு வந்தது. நாள் மட்டும் 1-லிருந்து, வருடம் அப்படியே, மாதம் 0-விலிருந்து என்ற இந்தக் கலவை எனக்கும் பிடிக்காதுதான். ஆனால் கோடிக்கணக்கான புரோகிராம்கள் அதை நம்பி நிற்பதால் இனி மாற்ற முடியாது.

ஒன்று மட்டும் கூடுதலாகச் சரிபாருங்கள். கிழமை தருவது 'கெட்-டே'. மாதத்தின் நாளைத் தருவது 'கெட்-டேட்'. தட்டச்சில் ஒன்றுக்குப் பதில் மற்றது விழுந்துவிட்டாலும் புரோகிராம் ஓடும், மாதத்தின் முதல் ஆறு நாள் வரை ஏதோ ஒரு கிழமையையும் காட்டும்.

மதுரையிலிருந்து ஒரு வாசகர்: எங்கள் கடைக்கு ஞாயிறு விடுமுறை. விற்பனையை மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸில் வைத்து, கிழமைவாரி வரைபடத்தைப் பைத்தான் மொழியில் போடுகிறேன். வரைபடத்தில் திங்கள் விற்பனை பூஜ்யம், ஞாயிறு விற்பனை அமோகம்!

வருடம் முழுக்க ஒரே ஒரு கட்டம். இது மாதக் கோளாறு இல்லை, எண்ணத் தொடங்கும் இடத்தின் கோளாறு.

மைஎஸ்கியூஎல்லின் 'டே-ஆஃப்-வீக்' ஞாயிற்றை 1 என்று எண்ணும். பைத்தானின் 'வீக்டே' திங்களை 0 என்று எண்ணும். நீங்கள் வந்த எண்ணில் ஒன்றைக் கழித்து, திங்களில் தொடங்கும் பெயர்ப் பட்டியலில் போட்டிருப்பீர்கள். ஞாயிறு 0 ஆகித் திங்கள் என்று பெயர் வாங்கிவிட்டது. மைஎஸ்கியூஎல்லிலேயே 'வீக்டே' என்று தனியாக ஒன்று இருக்கிறது. அது திங்களை 0 என்றே தரும். அதை எடுத்துக்கொண்டு, கழிப்பதை நீக்கிவிடுங்கள்.

இந்த விஷயத்தில் ஊருக்கு ஒரு வழக்கம். ஜாவாவின் பழைய காலண்டரில் ஞாயிறு 1. 2014-ல் ஜாவா 8-உடன் வந்த புதிய முறையில் திங்கள் 1, ஞாயிறு 7. ஜாவாஸ்கிரிப்டில் ஞாயிறு 0. மைக்ரோசாஃப்டின் எஸ்கியூஎல் சர்வரிலோ வாரம் எந்த நாளில் தொடங்குகிறது என்ற அமைப்பைப் பொறுத்து ஒரே தேதிக்கு வேறு வேறு எண் வரும். எந்தக் கருவியாக இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை என்று நிச்சயமாகத் தெரிந்த ஒரு தேதியைக் கொடுத்து என்ன எண் வருகிறது என்று பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள். வெள்ளியைக் கொடுத்துப் பார்த்தால் 5 என்று வரலாம். அது ஞாயிறு 0 என்ற கணக்கா, திங்கள் 1 என்ற கணக்கா என்று தெரியாது.

திருப்பூரிலிருந்து ஒரு கணக்கர்: பனியன் கம்பெனியில் வாரச் சம்பளக் கணக்கு பார்க்கிறேன். என் மைத்துனர் ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்தார். திங்கட்கிழமை வேலை செய்தவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை என்று விழுந்து, இரட்டைச் சம்பளம் கணக்காகிறது. சனிக்கிழமை வெள்ளியாகிறது. ஆனால் எல்லாப் பதிவும் அப்படி இல்லை. சில பதிவுகள் சரியாக இருக்கின்றன. சம்பளம் வாங்குகிறவர்கள் முன்னால் நிற்க முடியவில்லை அம்மா.

தொழிலாளிகளின் கூலி சம்பந்தப்பட்டது என்பதால் உங்களுக்குக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். மைத்துனரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

ஒரு நாள் பின்னால் போகிறது, அதுவும் சில பதிவுகளுக்கு மட்டும். அப்படியென்றால் முதலில் நேரத்தைத்தான் பார்க்க வேண்டும். நம் கடிகாரம் உலகப் பொது நேரத்தைவிட 5 மணி 30 நிமிடம் முன்னால் ஓடுகிறது. திரையில் காலண்டரைத் திறந்து 3-11-2025, திங்கள் என்று தேர்ந்தெடுக்கிறீர்கள். புரோகிராம் அதை நம் ஊரில் திங்கள் நள்ளிரவு 12 மணி என்று எடுத்துக்கொள்கிறது. சேமிக்கும்போது 'டோ-ஐஎஸ்ஓ-ஸ்ட்ரிங்' என்பதைப் பயன்படுத்தியிருப்பார். அது உலகப் பொது நேரத்துக்கு மாற்றி எழுதும். அந்த நேரப்படி அப்போது ஞாயிறு மாலை 6.30. பிறகு 'தேதி மட்டும் போதும்' என்று முதல் பத்து எழுத்தை வெட்டி வைத்திருப்பார். 6.30 என்பதும் வெட்டுப்பட்டுவிட்டது. 2-11-2025, ஞாயிறு மட்டும் மிஞ்சியது.

சில பதிவுகள் எப்படிச் சரியாக இருக்கின்றன? 'இன்று' என்று ஒரு பொத்தான் இருக்கிறதா என்று பாருங்கள். அதை அழுத்தினால் நள்ளிரவுக்குப் பதில் அந்த நேரத்து மணி போகும். காலை 10 மணி என்பது பொது நேரத்தில் அதிகாலை 4.30, அதே நாள்தான். ஆனால் நைட் ஷிப்டில் இரவு 12 முதல் காலை 5.30-க்குள் யாராவது அந்தப் பொத்தானை அழுத்தியிருந்தால் அதுவும் முந்தைய நாளில் விழுந்திருக்கும்.

ஆகவே பழைய பதிவுகளைத் திருத்தும்போது எல்லாவற்றுக்கும் ஒரு நாளைக் கூட்டிவிடாதீர்கள். சரியாக இருப்பவையும் கெட்டுவிடும். காலண்டரில் தேர்ந்தெடுத்தவை எவை, பொத்தானில் வந்தவை எவை என்று பிரியுங்கள். பொத்தானில் வந்தவற்றில் நைட் ஷிப்ட் ஆள்களுடையதை மட்டும் வருகைப் பதிவேட்டோடு ஒப்பிடுங்கள். கை வலிக்கும் வேலைதான், வேறு வழியில்லை.

புரோகிராமில் செய்ய வேண்டியது: வருடம், மாதம், நாள் மூன்றையும் நம் ஊர் நேரப்படியே தனித்தனியாக எடுத்து (மாதத்தில் ஒன்றைக் கூட்டி) எழுத்தாகச் சேர்த்து வையுங்கள். டேட்டாபேஸில் அந்தக் கட்டத்துக்கு நேரம் இல்லாத, வெறும் தேதி வகையைக் கொடுங்கள். வேலை செய்த நாள் என்பது ஒரு நாள். அதற்கு மணி, நிமிடம் எதுவும் கிடையாது. மணியை ஒட்டவைத்த இடத்தில்தான் இந்தச் சிக்கல் முளைக்கிறது.

இதன் எதிர்ப்பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். '2025-11-01' என்று வெறும் தேதியை எழுத்தாகக் கொடுத்தால் ஜாவாஸ்கிரிப்ட் அதைப் பொது நேர நள்ளிரவு என்று படிக்கும். நம் ஊரில் அது காலை 5.30, அதே சனிக்கிழமை. அதனால் இங்கே எத்தனை முறை சோதித்தாலும் பிழை தெரியாது. நியூ ஜெர்சியில் இருக்கும் என் மகள் திறந்தால் அங்கே அக்டோபர் 31, வெள்ளி இரவு 8 மணி. ஆனால் அதே எழுத்தோடு மணியையும் சேர்த்து, எந்த ஊர் நேரம் என்று சொல்லாமல் கொடுத்தால், அந்தந்த ஊர் நேரமாகப் படித்துக்கொள்ளும். ஒரே மொழியில் இரண்டு வழக்கம். பின்னலாடை வாங்குகிறவர்கள் வெளிநாட்டில் இருக்கும் ஊர் உங்களுடையது. ஷிப்மென்ட் தேதிகளையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகி: 2003-ஆம் ஆண்டுப் பதிவுகளைப் பொது நேரத்திலிருந்து இலங்கை நேரத்துக்கு மாற்றுகிறேன். 5 மணி 30 நிமிடம் கூட்டினேன். நள்ளிரவையொட்டிய சில பதிவுகள் மட்டும் முந்தைய கிழமையில் நிற்கின்றன.

இலங்கை நேரம் எல்லாக் காலத்திலும் 5.30 ஆக இருக்கவில்லை என்பது உங்களுக்கு நினைவிருக்கும். 1996 மே மாதம் 6.30 ஆக்கினார்கள், அதே ஆண்டு அக்டோபரில் 6.00 ஆக்கினார்கள், 2006 ஏப்ரலில்தான் 5.30-க்குத் திரும்பினார்கள். 2003-க்கு 6 மணி நேரம் கூட்ட வேண்டும். அன்று இரவு 12.00 முதல் 12.30 வரை நடந்தவை மட்டுமே உங்களுக்கு முந்தைய நாளில் விழும். எண்ணைக் கையால் கூட்டாமல் 'ஏசியா/கொலம்போ' என்ற பெயரைக் கொடுத்துவிடுங்கள். இந்த மாற்றங்கள் எல்லாம் அந்தப் பெயருக்குள் பதிவாகியிருக்கின்றன.

கும்பகோணத்திலிருந்து ஒரு பாட்டி: பேத்தி சனிக்கிழமை விடியற்காலை 3.40-க்குப் பிறந்தாள். பிறப்புச் சான்றிதழிலும் அந்தத் தேதிதான். ஜாதகம் கணிக்கும் செயலியில் போட்டால் வெள்ளிக்கிழமை என்று வருகிறது. என் பேரன், "கம்ப்யூட்டர் தப்பு பண்ணுது பாட்டி, நான் சரி பண்ணிடறேன்" என்று உட்கார்ந்துவிட்டான். அவனைத் தடுப்பதா, விடுவதா?

தடுத்துவிடுங்கள் பாட்டி. செயலி சரியாகத்தான் செய்திருக்கிறது.

சான்றிதழுக்கு நாள் நள்ளிரவில் மாறும். பஞ்சாங்கத்துக்குச் சூரிய உதயத்தில் மாறும். "வெள்ளி விடிந்தால் சனி" என்று நீங்களே எத்தனை முறை சொல்லியிருப்பீர்கள்! விடியாத வரை அது வெள்ளிதான். ஆகவே பேத்தியின் பிறந்த தேதி சான்றிதழில் உள்ளபடியே இருக்கட்டும். ஜாதகத்தில் வாரம் வெள்ளி என்று இருக்கட்டும். இஸ்லாமியக் கணக்கில் நாள் சூரிய அஸ்தமனத்தில் தொடங்குகிறது. அவர்களுக்குச் செயலி எழுதினால் அதற்கேற்ப மாற்ற வேண்டும்.

பேரனுக்கு வேறு வேலை கொடுங்கள். அந்தச் செயலி விடியலை எப்படிக் கணக்கிடுகிறது என்று அவன் பார்க்கட்டும். காலை 6 மணி என்று கல்லில் செதுக்கியது போல வைத்திருந்தால் தப்பு. சென்னையில் மே கடைசியில் ஐந்தே முக்கால் வாக்கிலேயே உதயமாகிவிடும். ஜனவரி கடைசியில் ஆறரை தாண்டிவிடும். ஜனவரியில் 6.15-க்குப் பிறந்த குழந்தைக்கு 6 மணிக் கணக்கு ஒரு கிழமையை மாற்றிவிடும். பிறந்த ஊரின் உதயத்தை அந்த நாளுக்கே கணக்கிட வேண்டும்.

உங்கள் வயதையொட்டியவர்களுக்காக இன்னொன்று. இரண்டாம் உலகப் போரின்போது இந்தியாவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தார்கள். 1942 செப்டம்பரிலிருந்து 1945 அக்டோபர் நடுப்பகுதி வரை பொது நேரத்தோடு வித்தியாசம் 6.30. 1944-ல் கடிகாரப்படி காலை 6.10 என்று குறித்து வைத்த பிறப்பு, இன்றைய கணக்கில் 5.10. அதாவது விடியவில்லை. 5.30-ஐ மட்டுமே தெரிந்த செயலி அவருக்கு அடுத்த கிழமையைக் கொடுத்துவிடும். வீட்டில் தாத்தாவின் பழைய ஜாதக நோட்டு இருந்தால், அதில் எழுதிய கிழமையோடு பேரன் ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.

நாகர்கோவில் பாலிடெக்னிக் மாணவி: தேதியிலிருந்து கிழமை கண்டுபிடிக்கும் ஸெல்லர் சூத்திரத்தை சி மொழியில் எழுதினேன் மேடம். 1-3-2000-க்கு -3 என்று வருகிறது. தோழி அதே சூத்திரத்தைப் பைத்தானில் எழுதினாள், 4 வருகிறது. மேலும் ஜனவரி, பிப்ரவரி எனக்கு எப்போதும் தப்பு.

படித்ததும் வகுப்பறைக்குத் திரும்பிப் போனது போல இருந்தது. 1880-களில் ஜெர்மானியப் பாதிரியார் கிறிஸ்டியன் ஸெல்லர் வெளியிட்ட சூத்திரம் இது. நூற்றாண்டின் இரட்டிப்பைக் கழிக்கச் சொல்லும். 1-3-2000-க்குப் போட்டுப் பாருங்கள்: நாளுக்கு 1, மாதத்துக்கு 10, வருடத்தின் கடைசி இரண்டு இலக்கம் பூஜ்யம் என்பதால் அவற்றுக்கு 0, நூற்றாண்டின் கால்பகுதிக்கு 5, கழிக்க வேண்டியது நூற்றாண்டான 20-இன் இரட்டிப்பு 40. மொத்தம் -24. அதை ஏழால் வகுத்தால் மீதி என்ன? சி மொழி -3 என்கிறது. பைத்தான் 4 என்கிறது. இரண்டும் தத்தம் விதிப்படி சரி, ஆனால் கிழமைக்கு வேண்டியது 4. கழிக்கும் இரட்டிப்புக்குப் பதில் நூற்றாண்டை ஐந்தால் பெருக்கிக் கூட்டுங்கள். -2-க்கும் 5-க்கும் இடையே 7 என்பதால் மீதி மாறாது, எண்ணும் எதிர்மறையாகாது. இப்போது 116 வரும், மீதி 4. ஸெல்லருக்கு 0 என்றால் சனி. ஆக 4 என்பது புதன். 2000 மார்ச் 1 புதன்கிழமைதான். 0-வை ஞாயிறு என்று நினைத்து ஒரு கட்டம் வழுக்கியவர்கள் என் வகுப்பில் ஒவ்வொரு வருடமும் இருந்தார்கள்.

இந்தச் சூத்திரத்தில் ஜனவரியும் பிப்ரவரியும் முந்தைய வருடத்தின் 13, 14-ஆம் மாதங்கள் என்பது உங்களுக்குத் தெரியும் என்றே நினைக்கிறேன். வருடத்தில் ஒன்றைக் குறைத்தது எப்போது என்று பாருங்கள். நூற்றாண்டு, மிச்சம் என்று பிரித்த பிறகு குறைத்தால் 1-1-2000 உங்களுக்கு 20, -1 என்றாகும், ஞாயிறு வரும். முதலில் 1999 ஆக்கிவிட்டு 19, 99 என்று பிரியுங்கள். மொத்தம் 259, மீதி 0, சனி. அதுதான் சரி. குறைக்கவே மறந்திருந்தால் மற்ற மாதங்கள் சரியாக இருந்து, இந்த இரண்டு மட்டும் தள்ளியிருக்கும். அப்பாவின் லீப் வருடப் புரூஃபைக் கண்ணாடியில் பார்த்தது போல.

விருத்தாசலத்திலிருந்து ஒரு பள்ளி ஆசிரியர்: வருகைப் பதிவேட்டை எக்செல்லில் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு மாதமும் முதல் 12 நாளுக்குக் கிழமை கண்டபடி வருகிறது. 13-லிருந்து கிழமையே வருவதில்லை, பிழை என்று காட்டுகிறது. ஜூன் 6 மட்டும் எப்படியோ சரி!

ஜூன் 6-ஐக் குறிப்பிட்டீர்களே, மிக்க நன்றி. நாளும் மாதமும் ஒரே எண். இடம் மாறினாலும் தெரியாது. உங்கள் கணினி அமெரிக்க முறையில் மாதத்தை முதலில் படிக்கிறது. 5-6-2025 என்று நீங்கள் எழுதியது ஜூன் 5, வியாழன். அது மே 6, செவ்வாய் என்று படிக்கிறது. 13-ஆவது மாதம் இல்லை என்பதால் அதற்கு மேல் தேதியாகவே ஏற்காமல் வெறும் எழுத்தாக விட்டுவிடுகிறது. விண்டோஸின் வட்டார அமைப்பில் இந்திய முறையைத் தேர்ந்தெடுங்கள். ஏற்கெனவே ஏறிவிட்டவை தாமாக மாறாது. அவற்றை மறுபடி உள்ளிட வேண்டும்.

பின்குறிப்பில், 12-2-1900-ல் பிறந்த உங்கள் பள்ளி நிறுவனரின் கிழமை ஞாயிறு என்று எக்செல் சொல்வதாகவும், குடும்பத்தார் திங்கள் என்று சாதிப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். குடும்பத்தார் சொல்வதே சரி. 1900 லீப் வருடம் அல்ல. நூற்றாண்டு வருடம் 400-ஆல் வகுபட்டால்தான் லீப். ஆனால் எக்செல்லுக்கு முன்னோடியான லோட்டஸ் 1-2-3 அதை லீப் வருடமாக எண்ணியது. அதன் கோப்புகளோடு ஒத்துப்போக எக்செல்லும் இல்லாத அந்த பிப்ரவரி 29-ஐ வைத்துக்கொண்டது. அதனால் 1900 ஜனவரி, பிப்ரவரி இரண்டு மாதத்துக்கும் எக்செல்லில் கிழமை ஒன்று பின்தங்கும். மார்ச் 1 முதல் சரி. விழா மலரில் திங்கள் என்றே அச்சிடுங்கள்.

புதுச்சேரியிலிருந்து ஓர் ஆய்வு மாணவர்: பிரெஞ்சுக்காரர்கள் சென்னைக் கோட்டையைப் பிடித்த நாள் ஆங்கிலேயர் கணக்கில் 10-9-1746. பைத்தான் சனிக்கிழமை என்கிறது. பிரெஞ்சுக் கணக்கில் 21-9-1746, புதன். இரண்டும் ஒரே நாள் என்றால் கிழமை எப்படி மாறும்?

இந்தக் கடிதத்தை நான் மூன்று முறை படித்தேன். கிழமை மாறவில்லை. இரண்டும் புதன்கிழமைதான்.

பிரான்ஸ் 1582-லேயே, இன்று நாம் பயன்படுத்தும் கிரிகோரியன் காலண்டருக்கு மாறிவிட்டது. பிரிட்டனும் அதன் குடியேற்றங்களும் 1752 வரை பழைய ஜூலியன் காலண்டரிலேயே இருந்தன. ஒரே வங்காள விரிகுடாக் கரையில், புதுச்சேரியில் 21 என்று எழுதிய நாளைச் சென்னையில் 10 என்று எழுதினார்கள். பைத்தானின் தேதி முறை கிரிகோரியன் விதியையே காலம் பின்னோக்கி நீட்டிக்கொண்டு போகும். ஜூலியன் அதற்குத் தெரியாது. நீங்கள் 10 என்று கொடுத்ததும் அது உண்மையான நாளுக்குப் பதினொரு நாள் முந்தைய நாளைப் பார்த்தது. பதினொன்றை ஏழால் வகுத்தால் மீதி நான்கு. புதனிலிருந்து நான்கு கட்டம் பின்னால் எண்ணுங்கள், சனி.

1752-ல் ஆங்கிலேயர் மாறியபோது செப்டம்பர் 2, புதனுக்கு அடுத்த நாள் செப்டம்பர் 14, வியாழன் ஆனது. தேதிகள் பதினொன்று காணாமல் போயின, கிழமை வரிசை மட்டும் அறுபடவில்லை. லினக்ஸில் 'கேல்' கட்டளைக்கு அந்த மாதத்தைக் கொடுத்தால் நடுவில் அந்த ஓட்டையைப் பார்க்கலாம். ஆகவே கோட்டை ஆவணங்களின் 1752-க்கு முந்தைய தேதிகளுக்கு முதலில் பதினொரு நாள் கூட்டுங்கள் (1700 பிப்ரவரி இறுதிக்கு முந்தையதென்றால் பத்து), பிறகு கிழமை கேளுங்கள். இன்னொன்று, அந்நாள் ஆங்கிலேயருக்குப் புத்தாண்டு மார்ச் 25. ஜனவரி, பிப்ரவரிக் கடிதங்களில் வருட எண் ஒன்று குறைவாக இருக்கலாம். அதையும் கவனிக்காவிட்டால் கிழமை இன்னும் ஒன்றோ இரண்டோ நழுவும்.

உங்கள் ஊரிலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேயின் துபாஷியாக (மொழிபெயர்ப்பாளராக) இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் எழுதிய நாட்குறிப்பில் தமிழ் மாதம், தேதியோடு ஆதிவாரம் (ஞாயிறு), சுக்கிரவாரம் (வெள்ளி) என்று கிழமையையும் குறித்துக்கொண்டே போகிறார். எந்தக் காலண்டர்காரர் எந்த எண் போட்டாலும் அந்த வாரப் பெயர் ஒன்றுதான். கல்வெட்டுகளின் தேதியைச் சோதிக்க எல். டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை 1922-ல் பெரிய அட்டவணை நூல்களை வெளியிட்டார். திதியும் நட்சத்திரமும் கிழமையும் ஒன்றாகப் பொருந்தும் நாளைத் தேடுவதுதான் அவரது வழி. நீங்களும் அப்படியே செய்யுங்கள். புரோகிராம் தரும் கிழமையைப் பிள்ளையின் கிழமையோடு ஒப்பிடுங்கள். மூன்றோ நான்கோ கட்டம் பிசகினால் காலண்டர் மாறியிருக்கிறது. ஒன்று பிசகினால் பதிப்பில் அச்சுப்பிழையா என்று பாருங்கள்.

சிவகாசியிலிருந்து ஓர் இளைஞர்: காலண்டர் பக்கங்களைத் தானாக அடுக்கும் புரோகிராம் எழுதுகிறேன். எந்தெந்தத் தேதிகளைக் கொடுத்துச் சோதித்தால் போதும்?

என் ஊர்! 1-1-2000 சனி, 1-3-2000 புதன், 29-2-2024 வியாழன், 15-8-1947 வெள்ளி. பிறகு 28-2-2100 ஞாயிறு, அதற்கு அடுத்த நாள் 1-3-2100 திங்கள். நடுவில் 29 முளைத்தால் நூற்றாண்டு விதி விட்டுப்போயிருக்கிறது. 31-ஆம் தேதிகளை எல்லாம் ஒருமுறை ஓட்டிவிடுங்கள். கணினியின் கடிகாரத்தை நள்ளிரவு தாண்டிப் பத்து நிமிடத்தில் வைத்து ஒரு தரம், இரவு 11.50-க்கு வைத்து ஒரு தரம்.

எல்லாம் முடிந்து பக்கங்களை அச்சுக்கு அனுப்புமுன் அப்பா செய்தது ஒன்று உண்டு. நாலாம் மாதம் நாலு, ஆறாம் மாதம் ஆறு, எட்டில் எட்டு, பத்தில் பத்து, பன்னிரண்டில் பன்னிரண்டு என்று ஐந்து பக்கத்தைப் புரட்டுவார். எந்த வருடமாக இருந்தாலும் ஐந்தும் ஒரே கிழமையில் விழ வேண்டும். 2026-ல் ஐந்தும் சனிக்கிழமை.